பிடித்த நாளிலிருந்து

சட்டம் மாறிவிட்டது என்று எனக்குச் சொன்னது அண்ணிதான். நான் அப்போது ஜொகூரில் காய்கறி லோரியில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் போர்ட்டிக்சனில் மீன்பிடிப் படகு, அதற்கும் முன்னால் கேமரன் மலையில் முட்டைக்கோசுத் தோட்டம், நடுவில் கொஞ்ச நாள் டயர் கடை. ஓர் இடத்தில் இரண்டு வருசம் சேர்ந்தாற்போல் நான் இருந்தது கிடையாது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் வரைக்கும் போனேன். பிறகு கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“தம்பி, இனிமே கட்டாயத் தூக்கு இல்லையாம். பழைய ஆளுங்களும் மனு போடலாமாம். கெளம்பி வா லா” என்றார் அண்ணி. அவ்வளவுதான் பேச்சு. நான் லோரிக்காரரிடம் சொல்லிக்கொண்டு, பையை மோட்டாரில் கட்டிக்கொண்டு லாபுவுக்குப் புறப்பட்டேன்.

அண்ணன் போதைத் தூள் கேஸில் உள்ளே போனவர். போய் இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. அவர் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. காடியின் டிக்கியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் ஓட்டினார். அதற்கான தூக்குக் கயிறு தன் கழுத்துக்கும் அளவாக இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. கீழ்க் கோர்ட்டில் தூக்கு, மேல் கோர்ட்டில் தூக்கு, அதற்கும் மேலே போய் அங்கேயும் தூக்கு. மன்னிப்பு மனு போனது. பதில் வரவில்லை. பதில் வராத வரைக்கும் உயிர் இருக்கிறது என்று நாங்கள் அதைப் பற்றிக் கேட்காமல் இருந்துவிட்டோம்.

அப்போது அண்ணிக்குக் கல்யாணமாகி ஒரு வருசம். லாபு பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தார். மரத்தை அழித்து எண்ணெய்ச் செம்பனை போட்டார்கள். அண்ணி குத்தகைக்காரரிடம் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குப் போனார். சுற்றிலும் வங்காளதேசத்து ஆட்கள், இந்தோனேசியாக்காரர்கள். லயத்தில் தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி டவுனுக்குப் போய்விட்டன. வேறு கல்யாணம் கட்டிக்கொள் என்று சொன்னவர்களுக்கு அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “அவரு செத்தா சொல்லி அனுப்புங்க. அப்ப யோசிக்கிறேன்.” சொன்னவர்கள் இரண்டாவது தடவை சொன்னதில்லை.

இப்போது மனு விசயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆபீசில் எதையாவது கேட்டு வாங்க வேண்டுமானால் ஒரே வழியாகக் கேட்கக் கூடாது. வேலை வாங்குகிற மண்டோரிடம் ஒரு தடவை சொல்ல வேண்டும். மண்டோருக்குத் தெரியாமல் ஆபீஸ் கிராணியிடமும் ஒரு தடவை சொல்ல வேண்டும். மண்டோர் மனதில் எதையாவது வைத்துக்கொண்டு அமுக்கிவிடுவார். கிராணி காகிதத்தைத் தொலைத்துவிடுவார். ஆனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அப்படிச் செய்ய மாட்டார்கள். அண்ணி வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் இப்படித்தான் வந்தது. இரண்டு வழியாகவும் வந்துவிட்டது. இரண்டாவது தகரத்தைக் கோழிக்கூட்டுக்குப் போட்டுக்கொண்டார், யாரும் கேட்கவில்லை.

காஜாங் ஜெயிலில் அதிகாரிகளே அண்ணனைக் கூப்பிட்டு மனுவை எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். அரசாங்கம் ஒரு வக்கீலையும் வைத்துக் கொடுக்கும் என்றார்கள். அண்ணிக்கு அது மண்டோர் வழி. கிராணி வழி ஒன்று வேண்டாமா? லோபாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்த வக்கீல் ஆபீசுக்குப் போனார். அந்த வக்கீல் ஜெயிலுக்குப் போய் அண்ணனிடம் கையெழுத்து வாங்கினார். அண்ணன் முதலில் தயங்கினாராம். “உங்க சம்சாரம் போடச் சொன்னாங்க” என்று வக்கீல் சொன்னதும் போட்டுவிட்டார். ஜெயில் வழியாக ஏற்கெனவே ஒரு மனு போயிருப்பதை வக்கீலிடம் சொல்லக் கூடாது என்று அண்ணி முன்கூட்டியே அண்ணனுக்குச் சொல்லி வைத்திருந்தார். மண்டோருக்குத் தெரியாமல்தானே கிராணியிடம் போக வேண்டும்.

நான் வந்து சேர்ந்தபோது இரண்டு மனுக்களும் போயாகிவிட்டன. எனக்குக் கொடுத்த வேலை, கோர்ட்டின் இணையப் பக்கத்தில் மனு என்ன நிலையில் இருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துச் சொல்வது. அண்ணியின் கைப்பேசி பேச மட்டுந்தான். எனக்கு மலாய் நன்றாக வரும், வாய் மலாய், லோரி மலாய், பாசார் மலாய். கோர்ட்டு மலாய் வேறு ஆள்.

முதலில் வந்த வார்த்தை ‘செபுத்தான்’. பக்கத்தில் ஒரு தேதி.

பெயர் சொல்லிக் குறிப்பிடுவது என்ற அளவுக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. அண்ணிக்கு அது போதுமாக இருந்தது. “பேரு கூப்பிடறாங்க” என்றார். தோட்டத்தில் விடியும் முன்னால் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் வாசிப்பார்கள். வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு அவனுக்கு வேலையும் இல்லை, பெயரும் இல்லை. அண்ணி பதினாறு வயதிலிருந்து பெரட்டில் நின்றவர். “அவரு உள்ள இருக்காரு. அவருக்குப் பதிலா நாம நிக்கணும்” என்றார்.

வேன் எடுத்துக்கொண்டு போனோம். நான், அண்ணி, லயத்தில் மிச்சம் இருந்த நாலைந்து பேர், புளிச்சோறு, தண்ணீர் டின். புத்ராஜெயாவில் அந்தக் கோர்ட்டுக் கட்டடத்தின் முன்னால் இறங்கினோம். தரை முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு. அண்ணி செருப்பைக் கழற்றப் போனார், காவலர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். உள்ளே போய் அண்ணன் பெயரைச் சொல்லி விசாரித்தோம். எந்த அறையிலும் அந்தப் பெயர் இல்லை. மத்தியானம் வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் அண்ணி எழுந்து நின்றார். கடைசியில் ஓர் அதிகாரி இரக்கப்பட்டுக் கணினியில் பார்த்து, அது காலையிலேயே முடிந்துவிட்டது, வக்கீல்கள் அவரவர் ஆபீசிலிருந்தே திரையில் வந்து பதிவதிகாரியிடம் பேசி அடுத்த தேதி வாங்கிப் போய்விட்டார்கள் என்றார். வாகன நிறுத்தத்தில் நின்று புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் லோபாக் வக்கீல் ஆபீசில் இருந்த கிளார்க் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிறவர். தோட்டத்துப் பேச்சில் கிளார்க் என்றால் கிராணி என்பதால் அண்ணி அவரைக் கிராணியம்மா என்றே கூப்பிட்டார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, செபுத்தான்னா ஒண்ணும் நடக்காது. காகிதம் வந்துச்சா, யாரு வக்கீலு, அடுத்து எப்பன்னு பேசறதுதான். யாரும் போக வேண்டாம்.”

“பேரு கூப்பிடறப்ப ஆளு இல்லேன்னா?”

“கூப்பிடவே மாட்டாங்கக்கா.”

“கூப்பிட்டா?”

கிளார்க் அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அடுத்த தேதிக்கும் போனோம். வேன் இல்லை, என் மோட்டார்தான். அதற்கடுத்த தேதிக்கும் போனோம். பின்னால் அண்ணி நல்ல சேலையில், மடியில் சாப்பாட்டுப் பையுடன். மழை வந்தால் மேம்பாலத்தின் அடியில் நிற்போம். குத்தகைக்காரர் அந்த நாளுக்கு அண்ணியின் கூலியை வெட்டினார். எனக்கோ சும்மா ஓர் இடத்தில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பது எப்போதும் மேல். நிலாயில் ஒரு கிடங்கில் நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேண்டும் என்கிற அன்று வராமல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது வார்த்தை ‘பெங்குருசான் கேஸ்’. வழக்கை விசாரணைக்குத் தயார் செய்வது. பக்கத்தில் அடிக்கடி இன்னொன்று வந்தது, ‘தங்கோ’. அதற்கு யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. மழை வந்து பந்து விளையாட்டைத் தள்ளிவைத்தாலும் அதே வார்த்தைதான். தள்ளிவைப்பு. எங்கள் மனுவுக்குத் தள்ளிவைப்பு மேல் தள்ளிவைப்பாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை. இரண்டு மனுக்களின் எண்களையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். இதில் தள்ளிவைத்தால் அடுத்த வாரம் அதிலும் தள்ளிவைப்பார்கள்.

கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டார். அவருடைய தாத்தா இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவராம். மாடியேறும் முன்னால் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ ஒன்று, இறங்கியதும் ஒன்று. நாங்கள் படியில் இறங்கும்போதே அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னா தங்கச்சி, இன்னிக்கும் தங்கோவா?” என்பார். அவருடைய வாடிக்கைக்காரர்களில் நாலு எண் லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அண்ணனின் மனு எண்ணை என்னிடம் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒருமுறை அது விழுந்தும் விட்டது. விழுந்தவர் எங்கள் மேசைக்கு ஆட்டுக்கறி அனுப்பினார். “பாத்தியா, எல்லாருக்கும் குடுக்குது இந்த நம்பரு. இவருக்கு மட்டுந்தான் குடுக்கல” என்றார் அண்ணி. கறியைத் தள்ளிவைக்கவில்லை, சாப்பிட்டார்.

அந்த மாதங்களில் நான் ஒரு வேலை செய்தேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் எண்ணை மட்டும் பார்த்தால் வார்த்தைகளின் அர்த்தம் பிடிபடவில்லை. அதனால் அதே பட்டியலில் இருந்த மற்றவர்களின் எண்களையும் பார்க்க ஆரம்பித்தேன். யாரென்று தெரியாத ஆட்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர், வெளிநாட்டுக்காரர். இந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வருகிறது, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பேன். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்குப் போகிறது என்று டிரைவரைக் கேட்காமல், இறங்குகிறவர்களைப் பார்த்தே கண்டுபிடிக்கிற மாதிரி. ‘பெண்டெங்காரான்’ வந்தால் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள், அதுதான் நிஜமான நாள். அதன்பின் ‘டிபெனார்கான்’ வந்தால் மனுவை ஏற்றுக்கொண்டார்கள், ஆள் தூக்கிலிருந்து தப்பித்தான். ‘டித்தோலாக்’ வந்தால் தள்ளுபடி. அப்படியும் சிலருக்கு வந்தது. அந்த எண்களை நான் அதற்குப் பிறகு திறந்து பார்க்கவில்லை.

ஏற்றுக்கொண்டால் என்ன கொடுப்பார்கள் என்று கிளார்க் அக்காவைக் கேட்டேன். பெரும்பாலும் முப்பது வருசம் என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். “இரு தம்பி. முப்பதுன்னா இன்னிலேர்ந்து இல்ல. பிடிச்ச நாளிலேர்ந்து எண்ணணும். உள்ள ஒழுங்கா இருந்தா அதுலயும் மூணுல ஒரு பங்கு கழிப்பாங்க” என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். இருபது. அண்ணன் அதைத் தாண்டிவிட்டிருந்தார். படியில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. கிடைக்கும் முன்னால் சொல்லி, பிறகு கிடைக்காமல் போனால் யார் பதில் சொல்வது?

அப்படி இருக்கையில் ஒருநாள் காலையில் கிடங்கில் கைப்பேசியைத் திறந்தேன். எங்கள் இரண்டு எண்களில் ஒன்றின் பக்கத்தில் நான் அதுவரை எந்த எண்ணிலும் பார்த்திராத ஒன்று இருந்தது. ‘டித்தாரிக் பாலிக்’. திரும்ப இழுக்கப்பட்டது. மனு வாபஸ்.

இன்னொரு எண்ணைத் திறக்கப் பார்த்தேன். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. மூட்டையை அப்படியே போட்டுவிட்டு மோட்டாரை எடுத்தேன்.

அண்ணி செம்பனைக்குள் இருந்தார். மரத்தடியில் குந்தி உதிரிப்பழத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் எழுந்திருக்கவில்லை. கையுறையைக் கழற்றினார், திரும்பவும் மாட்டினார்.

“உங்க அண்ணன்தான் எடுத்திருக்காரு” என்றார்.

போன சந்திப்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் அவரிடம், போதும், நீ அலைந்தது போதும், எனக்கு இங்கேயே பழகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அண்ணி அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார். இப்போது சொன்னார். ஒரு கைதி ஒரே ஒரு தடவைதான் இந்த மனுவைப் போட முடியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒன்றை வாபஸ் வாங்கியவர் இன்னொன்றையும் விட்டுவைக்க மாட்டார், அதோடு முடிந்தது. அப்புறம் அந்தக் கயிறுதான், அல்லது அது வரும் வரைக்கும் அந்த அறைதான்.

“அவருக்கு அலுத்திருக்கும் தம்பி. ஆனா எனக்கு அலுக்கல. அத யாரும் கேக்கலியே” என்றார். பிறகு சாக்கை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரில் ஏறிக்கொண்டார். வேலை உடுப்பிலேயே, காலில் பூட்ஸுடன்.

லோபாக்கில் மாடி பூட்டியிருந்தது. கிளார்க் அக்கா சிரம்பான் கோர்ட்டுக்குப் போயிருந்தார். பாயின் கடையில் உட்கார்ந்தோம். அண்ணியைப் பார்த்ததும் பாய் கேலி எதுவும் பேசவில்லை. கேட்காமலேயே இரண்டு தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். வேறொரு மேசையில் எண் கேட்க வந்தவரைக் கண்ணாலேயே அனுப்பிவிட்டார். நான் கைப்பேசியைத் திறந்து திறந்து மூடினேன். பேட்டரி தீர்ந்து அணைந்துபோனது.

கிளார்க் அக்கா வந்ததும் நாங்கள் படியிலேயே மறித்தோம். அவர் படியில் நின்றபடியே தன் கைப்பேசியில் பார்த்தார்.

“ஆமா. நாங்கதான் வாபஸ் வாங்கினோம்.”

அண்ணி இரண்டு படி ஏறினார். “நீங்களா? நான் குடுத்த மனுவ நீங்களே எடுத்துட்டீங்களா? ஏன் கிராணியம்மா? நான் என்னா பாவம் பண்ணேன் உங்களுக்கு?”

“அக்கா, ஒரு ஆளுக்கு எத்தன மனு?”

“ஒண்ணு.”

“உங்க வீட்டுக்காரருக்கு எத்தன போயிருக்கு?”

ஏறிய இரண்டு படியில் அண்ணி ஒன்று இறங்கினார்.

“ஜெயில்லேர்ந்து ஒண்ணு, எங்ககிட்டேர்ந்து ஒண்ணு. ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு நீங்களும் சொல்லல, அவரும் சொல்லல. கோர்ட்டுல எத வெச்சுக்கறது எதத் தள்றதுன்னு தெரியாம ரெண்டுத்தையும் தள்ளித் தள்ளி வெச்சாங்க. இத்தன மாசம் தங்கோ தங்கோன்னு வந்துச்சே, ஏன்னு நெனச்சீங்க? உங்களாலதான்.”

“ரெண்டு வழியா போட்டாத்தான ஒண்ணாவது போயி சேரும்?”

“இது தோட்டத்து ஆபீஸ் இல்லக்கா.”

“எல்லா ஆபீசும் ஆபீஸ்தான்.”

கிளார்க் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார். எங்கள் வக்கீலும் அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீலும் பேசிக்கொண்டார்கள். ஜெயில் வழியாகப் போனதுதான் முதலில் பதிவானது, அதை வைத்துக்கொண்டு இதை எடுத்துவிடுவது என்று முடிவானது. அதற்கு அண்ணனிடம் கேட்டார்கள், அவரும் சரி என்றார். நேற்று ஜெயிலில் அண்ணனிடம் சொன்னார்கள், இன்று கோர்ட்டில் முடிந்தது, எங்களைக் கூப்பிட்டுச் சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது. விசாரணையில் இரண்டு வக்கீல்களும் சேர்ந்தே நிற்பார்கள்.

“அப்ப அது இருக்கா?” என்றார் அண்ணி. “அந்த இன்னொண்ணு?”

“இருக்குக்கா. இத எடுத்ததுனாலதான் அதுக்கு வழி கெடச்சுது. பாருங்க.” கைப்பேசியை எங்கள் பக்கம் திருப்பினார். பெண்டெங்காரான். தேதி போட்டிருந்தது. அது தள்ளிவைத்த தேதி இல்லை, மூன்று நீதிபதிகள் உட்காரும் நாள்.

அண்ணி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அவரு எடுக்கல” என்றார் என்னைப் பார்த்து. “எடுக்கல தம்பி.” அவருக்குத் தேதியைவிட அதுதான் பெரிதாக இருந்தது. கீழேயிருந்து எட்டிப் பார்த்த பாயிடம், நல்ல செய்திதான் பாய் என்று நான் கையைக் காட்டினேன். அவர் உள்ளே திரும்பி ஏதோ சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் ரொட்டி சானாயும் மீன் கறியும் மாடிப்படிக்கே வந்தன. மூன்று பேரும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணி தன் பூட்ஸ் மண்ணைப் பார்த்துவிட்டு, படியை நான் கழுவித் தருகிறேன் என்று கிளார்க் அக்காவிடம் சொன்னார். கழுவியும் கொடுத்தார்.

விசாரணை நாளில் அண்ணனை அழைத்து வந்தார்கள். அத்தனை வருசங்களில் அண்ணியும் அவரும் இடையில் கண்ணாடி இல்லாமல் ஒரே அறையில் இருந்தது அன்றுதான். நரைத்துப் போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. அவரைச் சேர்த்து அன்றைக்குப் பத்துப் பேருக்கு மேல் பட்டியலில் இருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன இரண்டு பேருக்கும் நல்லபடியாக முடிந்தது. நான் அதைப் பார்த்து மகிழவில்லை, நல்லதெல்லாம் முன்னாலேயே தீர்ந்துவிடுமோ என்று பயந்தேன்.

வக்கீல்கள் பேசியது கொஞ்ச நேரந்தான். உள்ளே ஒரு குற்றமும் பதிவாகவில்லை, ரொட்டி சுடும் பட்டறையில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், மனைவி காத்திருக்கிறார் என்றார்கள். மனைவி என்றதும் நடுவில் இருந்த நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். யாரைச் சொல்கிறார்கள் என்று அண்ணியும் திரும்பிப் பின்னால் பார்த்தார். அரசாங்கத் தரப்பு எழுந்து, முடிவை நீதிமன்றத்திடமே விடுகிறோம் என்று சொல்லி உட்கார்ந்தது.

நீதிபதி படித்தார். மனு அனுமதிக்கப்படுகிறது. தூக்குத் தண்டனை நீக்கப்படுகிறது. அதற்குப் பதில் முப்பது வருசச் சிறை. அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டதால் ரோத்தான் பிரம்படி கிடையாது.

முப்பது என்பதோடு அண்ணியின் காது நின்றுவிட்டது. “முப்பதா?” என்றார். “அப்ப எனக்கு எம்பது ஆயிடும் தம்பி.” அழவில்லை. கணக்குத்தான் போட்டார்.

ஆனால் நீதிபதி அதோடு நிறுத்தியிருக்கவில்லை. நான் கடைசி வார்த்தைவரை கேட்டேன். ஊர் பேர் தெரியாத அத்தனை பேரின் எண்களையும் கிடங்கில் உட்கார்ந்து பார்த்தது அந்த ஒரு வரிக்காகத்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

“அண்ணி. பிடிச்ச நாளிலேர்ந்து.”

“என்னா?”

“முப்பது இன்னிலேர்ந்து இல்ல. பிடிச்ச நாளிலேர்ந்து. அதுல மூணுல ஒண்ணு கழிச்சா மிச்சம் இருபது. இருபதுதான் எப்பவோ தாண்டியாச்சே. முடிஞ்சிருச்சு அண்ணி. வீட்டுக்கு வர்றாரு.”

அவர் என்னை நம்பவில்லை. முன் வரிசையிலிருந்த கிளார்க் அக்காவைப் பார்த்தார். கிளார்க் அக்காவின் கண்ணாடி அன்றைக்கும் தலைமேல்தான் இருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தது. தலையை ஆட்டினார். அண்ணி எழுந்து நின்றார். அங்கே எழுந்து நிற்கக் கூடாது, காவலர் உட்காரச் சொன்னார். அண்ணி உட்காரவில்லை. குற்றவாளிக் கூண்டிலிருந்து அண்ணன் பார்த்தார். அவருக்கும் கணக்கு தெரிந்திருந்தது, முகத்தில் அது இருந்தது. நீதிபதி அண்ணியைப் பார்த்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

ஜெயிலில் நாட்களைக் கணக்கிட்டுக் காகிதம் முடிக்கச் சில நாள் பிடித்தது. அதே வேனில் காஜாங் போனோம். இந்தத் தடவை பாயும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். அண்ணன் ஒரு நெகிழிப் பையுடன் வெளியே வந்து, வேனுக்குப் பக்கத்தில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எல்லாரும் உள்ளே உட்கார்ந்து அவருக்காகக் காத்திருக்கிறோம், அவர் ஏறவில்லை. பாய்தான் முதலில் புரிந்துகொண்டு கதவைத் திறக்க எழுந்தார். அண்ணி அவரைத் தடுத்துவிட்டார்.

“தொறந்துக்கங்க. பூட்டு இல்ல” என்றார் ஜன்னல் வழியாக.

அண்ணன் கதவைப் பார்த்தார். இருபது வருசமாக எந்தக் கதவையும் அவர் தொட்டதில்லை, யாராவது திறந்தால் போவார், மூடினால் நிற்பார். கைப்பிடியை எந்தப் பக்கம் இழுப்பது என்று தேடினார். சறுக்குக் கதவு. இழுத்தார், திறந்தது. ஏறி உட்கார்ந்தார். சாத்தினார். கொஞ்ச தூரம் போனதும் டிரைவரை நிறுத்தச் சொல்லி, ஒன்றுமில்லை என்று சொல்லி, திரும்பவும் திறந்து சாத்தினார். வேனே சிரித்தது. அவரும் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

லாபு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. லயத்தில் மிச்சமிருந்தவர்களும் டவுனிலிருந்து வந்தவர்களுமாகக் கூட்டம். யாரோ பட்டாசு வாங்கி வைத்திருந்தார்கள், வங்காளதேசத்துப் பையன்கள்தான் கொளுத்தினார்கள். அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணன் முன் கதவைத் திறந்து உள்ளே போனார். பின் கதவைத் திறந்து வெளியே வந்தார். வீட்டைச் சுற்றி வந்து மறுபடியும் முன்பக்கம் நுழைந்தார். சமையலறை ஜன்னலைத் திறந்தார், குளியலறைக் கதவைத் திறந்தார், சாமிமாடத்தின் சின்னக் கதவைக்கூடத் திறந்தார்.

“கொசு வருது. சாத்துங்க” என்று அண்ணி அடுப்படியிலிருந்து கத்தினார்.

அண்ணன் சாத்தவில்லை. நாங்களும் சாத்தவில்லை. கொசு வந்தது. சோறு வெந்ததும் அண்ணி வெளியே வந்து, கரண்டியுடன் வாசலில் நின்று, திறந்து கிடந்த எல்லாக் கதவுகளையும் பார்த்தார். பிறகு கோழிக்கூட்டையும் அவரே போய்த் திறந்துவிட்டார்.